அன்றைக்கு அவர் என்ன பதவியில் இருந்தார்?

தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார் என்று கேட்டால் ஐந்து பேரைச் சொல்ல முடியும். ஐந்து பேருக்கும் ஆதாரம் காட்ட முடியும். 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியான சுப்பராயலு ரெட்டியார் என்பார்கள் சிலர். 1937இல் பதவியேற்ற ராஜாஜி என்பார்கள் வேறு சிலர். நாடு விடுதலை பெற்ற அன்று ஆட்சியில் இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்தான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று பொறுப்பில் இருந்தவர் குமாரசாமி ராஜா. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி வந்த 1969 ஜனவரி 14 அன்று முதலமைச்சராக இருந்தவர் அண்ணா.

எங்கள் தெருவில் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் இதைத்தான் என்னிடம் கேட்டாள். "அண்ணா, ஒவ்வொரு கைடுல ஒவ்வொரு பேர் போட்டிருக்கான். நீங்கதானே விக்கிப்பீடியால எழுதறீங்க, எது கரெக்ட்டு?" என்றாள். நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். கேள்வியைச் சரியாகக் கேட்டால் ஐந்துமே சரி என்றேன். எந்த ஆட்சிப் பகுதியில், எந்தச் சட்டத்தின்கீழ், எந்தத் தேதியில் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வில் நான்கு கட்டங்கள், ஒன்றைத்தான் கறுப்பாக்க முடியும். அவள் நிலைமை அது. ஆனால் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. விரித்து எழுத இடம் இருக்கிறது. இடம் இருந்தும் சுருக்கித் தப்பாக எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஐந்து பேரையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றது 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி. இரட்டையாட்சி என்று பள்ளியில் படித்திருப்போம். கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை, கலால் போன்ற துறைகள் மந்திரிகளிடம் இருந்தன. நிதி, போலீஸ், நீதி, நிலவரி எல்லாம் ஆளுநரிடமும் அவருடைய நிர்வாக சபை உறுப்பினர்களிடமும் இருந்தன. மந்திரிகள் மூன்று பேர். அவர்களில் மூத்தவரை முதல் மந்திரி என்றார்கள். கஜானாச் சாவியும் லத்தியும் அவர் கையில் கிடையாது. அப்படிப்பட்ட பதவியை இன்றைய முதலமைச்சர் பதவியோடு ஒரே பட்டியலில், ஒரே தலைப்பில், ஒரே எண் வரிசையில் போட்டால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

1937 கதை வேறு. 1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை முடித்து, துறைகள் எல்லாவற்றையும் மந்திரிகளிடம் கொடுத்தது. ஆளுநருக்குச் சிறப்புப் பொறுப்புகள் என்று சில பிடிகளை மட்டும் வைத்துக்கொண்டது. அமைச்சரவையின் தலைவரை அன்றைய பத்திரிகைகள் பிரதமர் என்றும் பிரதம மந்திரி என்றும் எழுதின. இங்கேதான் ஒருவர் அடிக்கடி விடுபட்டுப் போகிறார். தேர்தலில் வென்ற காங்கிரஸ், ஆளுநரின் சிறப்பு அதிகாரம் பற்றி உறுதிமொழி கேட்டு, பதவியேற்காமல் நின்றது. அந்த இடைவெளியில், 1937 ஏப்ரல் 1 முதல் ஜூலை நடுப்பகுதிவரை, கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை நடந்தது. 1935 சட்டத்தின்கீழ் முதலில் அந்தப் பொறுப்பில் உட்கார்ந்தவர் அவர்தான். பெரும்பான்மை பலம் இல்லாத அமைச்சரவை, மூன்றரை மாத ஆயுள், எல்லாம் உண்மை. அதற்காகப் பட்டியலிலிருந்து தூக்கிவிட முடியுமா? 'முதல் பிரதமர் ராஜாஜி' என்று எழுதுகிறவர், 'தேர்தலில் பெரும்பான்மை பெற்று' என்ற சொற்களைச் சேர்த்தால் போதும், வாக்கியம் உண்மையாகிவிடும்.

குமாரசாமி ராஜா எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் வந்தார். 1952 ஏப்ரல்வரை இருந்தார். 1950 ஜனவரி 25 இரவு அவர் சென்னை மாகாணத்தின் பிரதமர். மறுநாள் காலை சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். புதுத் தேர்தல் நடக்கவில்லை, அமைச்சரவை கலையவில்லை. மாறியது சட்டம். அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு முதலமைச்சர் என்ற பதவியைப் பெயர் சொல்லி உண்டாக்கியது. அவருக்கான தகவற்சட்டத்தில், அதாவது விக்கிப்பீடியா கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைச் சுருக்கிக் காட்டும் பெட்டியில், 1949 முதல் 1952 வரை என்று ஒரே வரி போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மாகாணம் மாநிலமானதும், முடியரசின்கீழ் இருந்த டொமினியன் குடியரசானதும் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போய்விடும். இரண்டு வரியாகப் போடவேண்டும் என்பது என் கட்சி. இதற்காக, எழுதுகிறவர்கள் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் நிறையப் பேசியிருக்கிறேன். இன்னும் பேசுவேன்.

காஷ்மீரில் இதே மாற்றம் 1965இல்தான் நடந்தது. அதுவரை அங்கே பிரதமர் என்றே சட்டப்படி இருந்தது. ஜி.எம். சாதிக் அங்கே கடைசிப் பிரதமர், முதல் முதலமைச்சர். காஷ்மீர்ப் பக்கங்களில் இதைக் கவனமாக எழுதுகிற நாம் நம்முடைய மாகாணத்தில் ஏன் விட்டுவிடவேண்டும்?

இதெல்லாம் பெயர்ப் பலகைச் சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு வடசென்னையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன்.

பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. எங்கள் பகுதியில் இரண்டையும் சேர்த்துப் பின்னி மில் என்றுதான் சொல்வோம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார். 1921இல் அந்த ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. திரு.வி.க. சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் என்று புளியந்தோப்பு இரண்டாகி, குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் இறுதியில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அக்டோபரில்தான் போராட்டம் ஓய்ந்தது.

அந்த ஜூலையில்தான் சுப்பராயலு ரெட்டியார் விலகி, பனகல் அரசர் முதல் மந்திரியாகியிருந்தார். இப்போது 'முதலமைச்சர் பனகல் அரசர் ஆட்சியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு' என்று ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். இன்றைய வாசகர் என்ன எடுத்துக்கொள்வார்? முதலமைச்சர் என்றால் பெரும்பாலும் போலீஸ் துறை அவரிடமே இருக்கும், ஆகவே அவர் உத்தரவில் நடந்தது என்று எடுத்துக்கொள்வார். அன்றைக்குப் போலீஸ் மந்திரிகளுக்குக் கொடுக்கப்படாத துறை. ஆளுநர் வில்லிங்டனும் நிர்வாக சபையும்தான் அதற்குப் பொறுப்பு. ஒரு பதவிப் பெயரைக் காலம் மாற்றிப் போட்டதில் ஏழைகள் செத்த ஒரு சம்பவத்தின் பொறுப்பே கை மாறிவிடுகிறது.

இதை நான் பின்னி மில்லில் வேலைபார்த்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். 1996இல் மில் மூடும்வரை இருந்தவர். அவருடைய தாத்தா 1921 போராட்டத்தில் நின்றவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டார். "இன்னா தம்பி, போலீசு அவங்க கையில இல்லைனு நீ எழுதிட்டா, அவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைனு ஆயிடாதா? அந்த நாற்காலியில உக்காந்துகினுதானே இருந்தாங்க? வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

இந்தக் கேள்வி நியாயமானது. பதவியைச் சரியாக எழுதினால் ஒருவரைக் குற்றத்திலிருந்து கழற்றிவிடுவதுபோல் ஆகிவிடக்கூடும். அரசியல் சார்போடு திருத்த வருகிறவர்கள் அதற்காகவே பதவியைப் பிடித்துக்கொள்வதும் நடக்கும். எனக்குத் தோன்றிய வழி இதுதான். அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது ஒரு வாக்கியம். அதற்குச் சட்டத்திலிருந்து சான்று. அந்த மந்திரிகளும் அவர்களுடைய கட்சித் தலைவர்களும் அந்த வேலைநிறுத்தத்தின்போது என்ன பேசினார்கள், என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது இன்னொரு வாக்கியம். அதற்குத் தனியாகச் சான்று. பெரியவர் கேட்ட பழியை வாசகர் இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். முதல் வாக்கியத்தைப் பொய்யாக்கி அந்தப் பழியை ஏற்ற வேண்டியதில்லை. அவரிடம் இப்படிச் சொன்னபோது, "ரெண்டாவது வாக்கியத்த மறக்காம எழுது" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடும் சர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. தியாகராய நகரும் அவர் பெயரில்தான். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது முதல் மந்திரி பதவி தேடி வந்தும் வேண்டாம் என்றவர். அவரை மேடைகளில் 'சென்னை மேயர்' என்கிறார்கள், துண்டறிக்கைகளிலும் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். அங்கிருந்து அது கலைக்களஞ்சியப் பக்கங்களுக்குள்ளும் வரப்பார்க்கும்.

அவர் இருந்த பதவி மாநகராட்சித் தலைவர், அதாவது பிரசிடென்ட். மேயர் என்பதைவிட இது சின்னப் பதவியாகத் தெரிகிறது என்று வருத்தப்பட்டு மாற்றுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய பெருமை இருக்கும் இடமே வேறு. அதுவரை அரசாங்கம் அனுப்பிய வெள்ளைக்கார அதிகாரி தலைவராக உட்கார்ந்திருந்த நாற்காலி அது. 1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த, அதிகாரி அல்லாத முதல் தலைவர் அவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது அவர் தலைவராக இருந்தபோது. 'மேயர்' என்று போட்ட உடனே அந்த 'முதல்' அழிந்துவிடுகிறது. ஏனென்றால் முதல் மேயர் அவர் இல்லை. 1933இல்தான் தலைவர் பதவிக்கு மேயர் என்ற பெயர் வந்தது. அப்போது மேயரானவர் ராஜா சர் முத்தையா செட்டியார். மரியாதை செய்வதாக நினைத்துத் தியாகராயருடைய சொந்த சாதனையைப் பறித்துவிடுகிறோம்.

முத்தையா செட்டியாரை முதல் மேயர் என்றாலும் ஒரு நிபந்தனை வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியபோதே நதானியேல் ஹிக்கின்சன் என்பவர் மேயரானார். அந்த மேயர் நகர நிர்வாகத்தோடு மேயர் நீதிமன்றத்தையும் பார்த்தவர். அதற்கும் 1933 மேயர் பதவிக்கும் பெயர்தான் ஒன்று. பிறகு 1973இல் மன்றம் கலைக்கப்பட்டு, 1996வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரே கிடையாது. 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலின் மேயரானார். 2022இல் திரு.வி.க. நகர்ப் பக்கத்திலிருந்து வந்த பிரியா கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கு காலம், நான்கு விதமான மேயர். 'சென்னையின் முதல் மேயர்' என்று மொட்டையாக எழுதப்பட்ட எந்த வாக்கியத்தையும் நான் சும்மா விடுவதில்லை. எந்த முதல் என்று ஒரு சொல்லாவது சேர்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

சட்டசபை விஷயத்திலும் இப்படித்தான். 1920 முதல் 1937 வரை சென்னை மாகாணத்துக்கு இருந்தது ஒரே அவை. ஆங்கிலத்தில் கவுன்சில் என்று பெயர் இருந்ததால் அதை 'மேலவை' என்று எழுதிவிடுகிறார்கள். கீழவையே இல்லாதபோது மேலவை எப்படி இருக்கும்? 1937இல்தான் பேரவை, மேலவை என்று இரண்டானது. அந்த மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் பிற்பகுதியில் துணைத் தலைவராக இருந்தது அந்த ஒரே அவையில். தேவதாசி முறைக்கு எதிராக அவர் குரல் கொடுத்ததும் அங்கேதான். 'மேலவைத் துணைத் தலைவர்' என்றால், ஏதோ ஓய்வு பெற்றவர்கள் உட்காரும் இரண்டாம் அவையில் இருந்தார் என்ற எண்ணம் வருகிறது. மாகாணத்தில் சட்டம் இயற்றிய ஒரே அவையில், ஆண்கள் நிறைந்த இடத்தில், ஒரு பெண் அந்தப் பொறுப்பில் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

மாநிலத்தின் பெயர் விஷயத்தில் நான் இன்னும் பிடிவாதக்காரன். காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். 'தமிழ்நாடு முதலமைச்சர் காமராசர்' என்று பேச்சில் சொல்வது வேறு, தகவற்சட்டத்தில் பதவியாகப் போடுவது வேறு. 1956 ஜூலையில் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவருடைய கோரிக்கைகளில் தலையானது இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்பது. அக்டோபர் 13 அன்று உயிரை விட்டார். அப்போது முதலமைச்சர் காமராசர்தான். அந்த ஆண்டுக்கு நேராகத் 'தமிழ்நாடு முதலமைச்சர்' என்று நாம் எழுதினால், அந்தப் பெரியவர் எதைக் கேட்டுச் செத்தார் என்று அடுத்த தலைமுறைக்கு எப்படி விளங்கும்? ஏற்கெனவே இருந்த பெயருக்கா அவர் பட்டினி கிடந்தார்? 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, 1969 பொங்கலன்று அது சட்டப்படி நடந்தது. அதன்பின் அண்ணா தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. பிப்ரவரி 3 அன்று காலமானார். இந்தத் தேதிகளை அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். பதவிப் பெயரைச் சரியாகப் போட்டால் படிப்பவருக்கும் இது தானாகவே தெரியும்.

அண்ணாவைச் சொன்னதும் ராயபுரம். 1949 செப்டம்பர் 17 அன்று பவளக்காரத் தெருவில் கூடிப் பேசி, மறுநாள் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கூட்டம் போட்டு திமுகவைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைமையகமான அறிவகமும் ராயபுரத்தில்தான். 'திமுகவின் முதல் தலைவர் அண்ணா' என்று எழுதுகிறவர்கள் இந்த ஊர்க் கதையின் உயிரான பகுதியை விட்டுவிடுகிறார்கள். அண்ணா பொதுச் செயலாளர். தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று காலியாகவே வைக்கப்பட்டது. இடையில் 1955 முதல் 1960 வரை பொதுச் செயலாளராக இருந்தவர் நெடுஞ்செழியன். 1969இல் கருணாநிதி வந்த பிறகுதான் அந்தக் கட்சிக்குத் தலைவர் என்று ஒருவர் அமைந்தார். பெரியாரைப் பிரிந்து வந்த பிறகும் தலைவர் பெரியார்தான் என்று சொன்ன ஒரு கூட்டத்தின் மனநிலை அந்தக் காலி நாற்காலியில் இருக்கிறது. 'தலைவர்' என்று நிரப்பிவிட்டால் அதைக் காட்ட வேறு வழி இல்லை.

தமிழில் எழுதும்போது நமக்கு இன்னொரு நாட்டின் வரலாறும் கூடவே வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஈழத்து நண்பர்கள் ஆரம்பத்திலிருந்தே நிறைய எழுதுகிறார்கள். இலங்கையில் 1972 முதல் சனாதிபதி உண்டு. முதலில் வில்லியம் கோபல்லாவ. அவர் பெயரளவில் நாட்டுத் தலைவர், ஆட்சி பிரதமர் கையில். 1978 பிப்ரவரியில் ஜே.ஆர். ஜெயவர்த்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதியானார். சொல் மாறவில்லை, அதிகாரம் தலைகீழாக மாறியது. நம்முடைய குமாரசாமி ராஜா விஷயத்தில் ஆள் மாறாமல் பதவிப் பெயர் மாறியது. இரண்டுக்கும் ஒரே பரிகாரம்தான். பதவிக்குப் பக்கத்தில் அது எந்த அரசியலமைப்பின் கீழ் என்பதையும் சொல்லிவிடவேண்டும். இலங்கைக் கட்டுரைகளை அங்கத்து நண்பர்கள் திருத்தும்போது நான் கவனித்துக் கற்றுக்கொண்டது இது.

பட்டங்கள் வேறு குழப்பும். 1930களில் முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜா ஜமீன் ராஜா. குமாரசாமி ராஜாவின் 'ராஜா' ராஜபாளையம் ராஜுக்கள் சமூகப் பெயர். இரட்டைமலை சீனிவாசன் பெற்றது திவான் பகதூர் என்ற கௌரவப் பட்டம். அவர் எந்தச் சமஸ்தானத்திலும் திவான் வேலை பார்த்ததில்லை. இவற்றைப் பதவி என்ற வரியில் போடக்கூடாது, அவ்வளவுதான்.

வைசிராய் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. அப்போது இந்தியாவில் வைசிராய் என்று யாருமே கிடையாது. கவர்னர் ஜெனரல் கானிங். சென்னையில் ஆளுநர் ஹாரிஸ். 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்த பிறகுதான் வைசிராய். அதேபோல் ராஜாஜி கடைசி கவர்னர் ஜெனரல், வைசிராய் அல்ல. கடைசி வைசிராய் மவுண்ட்பேட்டன்.

சரி, நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? பழைய பெயரை மட்டும் போட்டால் வாசகருக்குப் புரியாது என்று ஒரு நண்பர் உரையாடல் பக்கத்தில் விடாமல் வாதிட்டார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். தேடுகிறவர் இன்றைய சொல்லைப் போட்டுத்தான் தேடுவார். அதற்கு வழிமாற்று இருக்கிறது. இன்றைய சொல்லில் ஒரு வழிமாற்றுப் பக்கம் வைத்து, சரியான தலைப்புக்கு அனுப்பலாம். உள்ளே வந்தவுடன் முதல் பத்தியிலேயே, இந்தப் பதவி இன்றைய முதலமைச்சர் பதவிக்கு முன்னோடி, ஆனால் இன்ன இன்ன துறைகள் அதில் இல்லை என்று ஒரே ஒரு முறை விளக்கலாம். அதற்குப் பிறகு கட்டுரை முழுக்க அன்றைய பெயரே வரட்டும்.

தகவற்சட்டத்தில்தான் பெரிய சிக்கல். அதில் பதவி, காலம், முன்னையவர், பின்னவர் என்று கட்டங்கள். ஒருவருடைய கட்டத்தில் தப்பாக ஒரு பதவியைப் போட்டால் முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும். ஆந்திரத் தலைவர் டி. பிரகாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1946–47இல் சென்னை மாகாணப் பிரதமர். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதன் முதல் முதலமைச்சர். 1956இல் உருவான ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மூன்றையும் மூன்று சங்கிலியாக வைக்காவிட்டால், பிரகாசத்துக்குப் பின்னவர் யார் என்ற கட்டத்தில் ஓமந்தூராரும் ஆந்திரத் தலைவர்களும் முட்டிக்கொள்வார்கள். ஆங்கிலக் கட்டுரையைக் கருவி கொண்டு மொழிபெயர்க்கும்போது இணைப்புகள் தாமாகவே வந்து விழும். பழைய பதவிக்குத் தமிழில் பக்கம் இல்லாததால் மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் இருக்கும் 'முதலமைச்சர்' பக்கத்துக்கு இணைத்துவிட்டுப் போகிறார். ஆகவே, திருத்துவதைவிட முதலில் பதவிகளுக்கென்றே தனித்தனிக் கட்டுரைகள் எழுதுவது நல்லது. சென்னை மாகாண முதல் மந்திரி, சென்னை மாகாணப் பிரதமர், சென்னை மாநகராட்சித் தலைவர் என்று இணைப்பதற்கு ஒரு பக்கம் இருந்தால், மொழிபெயர்க்கிறவர் சரியான இடத்துக்கே இணைப்பார்.

சான்றுக்கு எங்கே போவது? முதலில் சட்டத்தின் வாசகம். பிறகு அரசிதழ். நியமன அறிவிப்பில் என்ன பதவி என்று எழுதியிருக்கும். எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் ஒருவரையொருவர் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று பார்க்கலாம். பிற்காலத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளை நான் பதவிப் பெயருக்கு மட்டும் நம்புவதில்லை. எழுதியவர் தன் காலத்துச் சொல்லைப் போட்டிருப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் அவை நல்ல நூல்களாக இருக்கலாம்.

இன்னொரு சான்று நம் தெருக்களிலேயே இருக்கிறது. அடிக்கல், திறப்பு விழாக் கல்வெட்டு. பள்ளி, தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், மீன் அங்காடி என்று எதைத் திறந்தாலும் பெயர், பதவி, நாள் மூன்றையும் கல்லில் வெட்டுவது நம் ஊர் வழக்கம். அன்றைக்கு அவரை அதிகாரபூர்வமாக என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது கஷ்டம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நான்கும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சிகள். அவற்றுக்கு நகர்மன்றத் தலைவர்கள் இருந்தார்கள். ஆண்டு வாரியாக யார் எப்போது இருந்தார்கள் என்ற பட்டியலைத் தமிழில் முழுமையாக்க ஆரம்பித்திருக்கிறேன். பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது கல்வெட்டும் சேர்ந்து போய்விடுகிறது. எண்ணூர் முதல் மூலக்கடைவரை உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். கல் எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் என்று குறித்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். ஏற்றத் தெரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், உங்கள் பெயரிலேயே ஏற்ற நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.